34 டாலர் கோர்ஸ், 544 டாலர் லைசென்ஸ்: டெக்சாஸ்ல முதல் தடவை கார் ஓட்டப் போறவங்களுக்கு ஒரு கணக்கு

ஆன்சைட் செலவுகள் வீடியோல டிரைவிங் லைசென்ஸ் பத்தி ஒரே ஒரு நிமிஷம் பேசிட்டு நகர்ந்துட்டேன். அதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல அதைப் பத்திதான். "ப்ரோ, அந்த ஆறு மணி நேர ஆன்லைன் கோர்ஸ் கட்டாயமா?", "எது சீப்?", "25 வயசு வரைக்கும் காத்திருந்தா கோர்ஸே வேண்டாமாமே?" கடைசிக் கேள்வியை 2024 ஏப்ரல்ல நானே பத்துப் பேர்கிட்ட கேட்டிருக்கேன். அதனால என் கணக்கையே முழுசா எழுதிடறேன். தப்பு பண்ணின இடங்களும் இதுல இருக்கு.

நான் டல்லாஸ் பக்கம் வந்து இறங்கினப்போ என்கிட்ட இருந்தது மதுரைல வாங்கின டூவீலர் லைசென்ஸ் மட்டும்தான். கார் ஸ்டியரிங்கைத் தொட்டதே கிடையாது. இந்தியால கார் லைசென்ஸ் வச்சிருக்கிறவங்களும் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். அதைக் காட்டி நேரா டெக்சாஸ் லைசென்ஸா மாத்திக்க முடியாது, இங்க தேர்வு எழுதி, ஓட்டியும் காட்டணும்.

ரூல் இதுதான். 18 முதல் 24 வயசு வரைக்கும் உள்ளவங்க முதல் தடவை லைசென்ஸ் எடுக்கும்போது ஆறு மணி நேர அடல்ட் டிரைவர் எஜுகேஷன் கோர்ஸ் முடிச்சே ஆகணும். நேர்லயும் படிக்கலாம், ஆன்லைன்லயும் படிக்கலாம். கடைசில ஒரு தேர்வு, 70 சதவீதம் எடுத்தா பாஸ். அதை முடிச்சுட்டா லைசென்ஸ் ஆபீஸ்ல (டிபிஎஸ்னு சொல்லுவாங்க) எழுத்துத் தேர்வு தனியா எழுத வேண்டாம். 25 வயசு ஆயிடுச்சுன்னா கோர்ஸ் கட்டாயம் இல்லை. டிரைவர் ஹேண்ட்புக்கை இலவசமா டவுன்லோட் பண்ணிப் படிச்சுட்டு, ஆபீஸ்லயே போய் எழுத்துத் தேர்வு எழுதலாம். அதுக்குத் தனிக் கட்டணமும் கிடையாது, லைசென்ஸ் கட்டணமான 33 டாலர்லயே வந்துடும்.

எனக்கு அப்போ 24 வயசும் எட்டு மாசமும். ஆகஸ்ட்ல 25. ஆபீஸ்ல கூட இருந்த ஒருத்தர் சொன்னாரு, "நாலு மாசம் பொறுத்துக்கோடா, கோர்ஸ் காசு மிச்சம்." கேட்கிறதுக்கு நல்லாத்தான் இருந்தது. நானும் கிட்டத்தட்ட முடிவே பண்ணிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி ஊபர் ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். வாரத்துக்கு மூணு நாள் ஆபீஸ். போக 17 டாலர், வர 17 டாலர். மாசத்துக்கு 13 நாள்னு வச்சாலும் 442 டாலர். வாரக் கடைசில இந்தியன் கடைக்குப் போய் அரிசி, பருப்பு, தயிர் வாங்கிட்டு வர ஒரு தடவைக்கு 24 டாலர், மாசம் 96. மொத்தம் 538. நாலு மாசத்துக்கு 2,152 டாலர். அப்போ டாலர் 83 ரூபாய் இருந்தது, கணக்குப் போட்டா ஒண்ணே முக்கால் லட்சத்துக்கும் மேல. 34 டாலர் கோர்ஸை மிச்சப்படுத்தறதுக்காக!

சரி, நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன். அந்த 2,152 டாலர் முழுசும் மிச்சமாகியிருக்கும்னு நான் சொல்லலை. லைசென்ஸ் வந்த அன்னிக்கே ஊபர் நின்னுடாது. கார் வேணும், இன்சூரன்ஸ் வேணும், பெட்ரோல் வேணும். ஆனா அந்தக் காசு என் பேர்ல இருக்கிற ஒரு காருக்குப் போகும். இன்னொரு விஷயத்தை யாரும் சொல்றதே இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி உங்ககிட்ட கேட்கிற முதல் கேள்விகள்ல ஒண்ணு, எத்தனை வருஷமா லைசென்ஸ் வச்சிருக்கீங்கன்னு. அந்த மீட்டர் ஓட ஆரம்பிக்கிறது லைசென்ஸ் கையில வந்த நாள்லேர்ந்துதான். நாலு மாசம் தள்ளிப் போட்டா அதுவும் நாலு மாசம் தள்ளிப் போகும்.

அதனால கோர்ஸ் எடுத்தேன். அதுவரைக்கும் சரியான முடிவு. அதுக்கப்புறம்தான் சொதப்பல்.

கோர்ஸ் வாங்கும்போது நடந்தது

விளம்பரத்துல 34 டாலர். நான் கட்டினது 61. எப்படின்னா, காசு கட்டற பக்கத்துல ரெண்டு பெட்டில ஏற்கனவே டிக் போட்டிருந்தாங்க. ஒண்ணு சர்டிபிகேட் சீக்கிரம் வர்றதுக்கு 15 டாலர், இன்னொண்ணு மாதிரித் தேர்வுகளுக்கு 12 டாலர். அவசரத்துல கார்டு நம்பரைப் போட்டு அடிச்சுட்டேன். மாதிரித் தேர்வை நான் திறந்துகூடப் பார்க்கலை. சர்டிபிகேட் சாதாரணமாவே மெயில்ல வந்துடும்னு பின்னாடிதான் தெரிஞ்சது. எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க, இந்த வேலையை நிறைய சைட் பண்ணுது. காசு கட்டறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு தடவை படிங்க, போதும்.

என் ரூம்மேட் கதை இன்னும் மோசம். அவன் வாங்கினது டிஃபென்சிவ் டிரைவிங் கோர்ஸ். அதுவும் ஆறு மணி நேரம், அதுவும் ஆன்லைன், விலையும் கிட்டத்தட்ட அதேதான். ஆனா அது ஏற்கனவே லைசென்ஸ் வச்சிருந்து, டிக்கெட் வாங்கினவங்க அதைத் தள்ளுபடி பண்ணிக்கிறதுக்கான கோர்ஸ். லைசென்ஸ் எடுக்க அது செல்லாது. ரெண்டு மணி நேரம் படிச்சதுக்கு அப்புறம்தான் அவனுக்கு சந்தேகமே வந்தது! பாதிக் காசுதான் திரும்பி வந்துச்சு. நீங்க தேட வேண்டிய பேர் "அடல்ட் டிரைவர் எஜுகேஷன்". டெக்சாஸ்ல இதுக்கு உரிமம் கொடுக்கிறது டிடிஎல்ஆர்ங்கிற மாநிலத் துறை. உரிமம் வாங்கின பள்ளிகளோட பட்டியல் அவங்க சைட்ல இருக்கு. அந்தப் பட்டியல்ல பேர் இருந்தா, விலை கம்மியானதே போதும். காசு அதிகம் கொடுத்தா பாடம் மாறப் போறதில்லை.

கோர்ஸ் எப்படி இருக்கும்? ஒவ்வொரு பக்கத்துக்கும் கடிகாரம் ஓடும். படிச்சு முடிச்சாலும் நேரம் முடியாம அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. ஆறு மணி நேரத்தையும் ஒரே மூச்சுல உட்கார வேண்டியதில்லை, பிரிச்சுப் பிரிச்சு முடிக்கலாம். நான் ரெண்டு சனிக்கிழமைல முடிச்சேன். இங்கதான் என் பெரிய தப்பு. ஏப்ரல் மாசம், ஐபிஎல் நேரம். நம்ம ஊர்ல ராத்திரி ஏழரை மணி மேட்ச், இங்க காலைல ஒன்பது மணி. லேப்டாப்ல கோர்ஸ் ஓடிட்டு இருக்கு, டிவில மேட்ச் ஓடிட்டு இருக்கு. கடிகாரம் முடிஞ்சா ஒரு கிளிக், அப்புறம் மறுபடி மேட்ச். கடைசித் தேர்வுல 80 சதவீதம் வாங்கி பாஸ் பண்ணிட்டேன். "இவ்ளோதானா"ன்னு ஒரு மிதப்பு வேற.

மே மாசம், ஒரு வெள்ளிக்கிழமை

சர்டிபிகேட்டோட போய் லேர்னர் லைசென்ஸ் வாங்கினேன். லேர்னரா ஓட்டும்போது பக்கத்து சீட்டுல 21 வயசு தாண்டின, குறைஞ்சது ஒரு வருஷம் ஓட்டின அனுபவம் இருக்கிற லைசென்ஸ்காரர் ஒருத்தர் உட்கார்ந்திருக்கணும். எனக்குக் கிடைச்சது எங்க டீம்ல இருக்கிற கோயம்புத்தூர் அக்கா. பதினோரு வருஷமா இங்க இருக்காங்க. தன் காரையே கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடி அவங்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டு, "லேர்னர் ஒருத்தர் ஓட்டினா கவர் ஆகுமா"ன்னு கேட்டுட்டுதான் சாவியைக் கையில கொடுத்தாங்க. நீங்களும் யார் காரை ஓட்டினாலும் அந்த போனைப் பண்ணச் சொல்லுங்க.

முதல் மூணு வாரம் ஒரு காலி பார்க்கிங் லாட்ல சுத்தினோம். நாலாவது வாரம், வெள்ளிக்கிழமை, வீட்லேர்ந்து வேலை பார்த்த நாள். மதியம் மூணரை மணி இருக்கும், வீடுகள் இருக்கிற தெருவுல மெதுவாத்தான் போயிட்டு இருந்தேன். எதிர்ப் பக்கத்துல ஒரு மஞ்சள் ஸ்கூல் பஸ் நின்னுட்டு இருந்தது. சிவப்பு விளக்கு மின்னுது, பக்கத்துல ஸ்டாப் பலகையும் நீட்டியிருக்கு. என் மண்டைல ஓடினது என்ன தெரியுமா? பஸ் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், எனக்கென்ன.

"கண்ணு, நிறுத்து! நிறுத்து, நிறுத்து!"

அக்கா கத்தின கத்துல பிரேக்கை மிதிச்சேன். கார் குலுங்கி நின்னுச்சு. பஸ் டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடிச்சிருந்தார். பஸ் மூக்குக்கு முன்னாடியிருந்து ஒரு பையன் வெளியே வந்தான். ஏழெட்டு வயசு இருக்கும், முதுகுல பை, கையில தண்ணி பாட்டில். என் காரையே பார்த்துக்கிட்டு நின்னான். அப்புறம் தெருவைக் கடந்து எங்க பக்கம் இருந்த வீட்டுக்குள்ள ஓடிட்டான். எனக்கும் அவனுக்கும் நடுவுல ரெண்டு கார் நீளம் இருந்திருக்கும்.

ரெண்டு நிமிஷம் நாங்க எதுவும் பேசலை. அப்புறம் அக்கா கேட்டாங்க, "இது கோர்ஸ்ல சொல்லித் தரலையா?"

சொல்லித் தந்தாங்க. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். ஒரு முழுப் பகுதியே அதுக்கு இருக்கு, படத்தோட. சிவப்பு விளக்கு மின்னும்போது ரெண்டு திசை வண்டியும் நிக்கணும். நடுவுல தடுப்புச் சுவரோ மீடியனோ வச்சுப் பிரிச்ச ரோடுன்னா மட்டும் எதிர்ப் பக்கத்துக்காரங்க நிக்க வேண்டாம். நடுவுல இடதுபுறம் திரும்பறதுக்கான லேன் இருக்கிறது பிரிச்ச ரோடு ஆகாது. மீறினா முதல் தடவைக்கே 500 லேர்ந்து 1,250 டாலர் வரைக்கும் அபராதம். அபராதத் தொகையைப் பார்த்து எனக்கு ஒண்ணும் தோணலை அன்னிக்கு. அந்தப் பையன் கையில இருந்த பாட்டில்தான் கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. அந்தப் பகுதி ஓடின நேரத்துல நான் மேட்ச் பார்த்துட்டு இருந்தேன்.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து கோர்ஸை முதல்லேர்ந்து படிச்சேன். இந்தத் தடவை கடிகாரம் இல்லை, டிவியும் இல்லை. நாலு பக்கமும் ஸ்டாப் சைன் இருக்கிற சந்திப்புல முதல்ல வந்தவங்க முதல்ல போகணும், ஒரே நேரத்துல வந்தா வலது பக்கம் இருக்கிறவருக்கு வழி விடணும். நம்ம ஊர்ல ஹாரன் அடிச்சவர் முதல்ல போவாரு, அந்தப் பழக்கம் உடம்புல ஊறியிருக்கு! ரோட்டோரம் போலீஸோ ஆம்புலன்ஸோ விளக்கு எரிய நின்னா, அவங்களை ஒட்டின லேனை விட்டு விலகணும், முடியலைன்னா ஸ்பீடு லிமிட்டை விட 20 மைல் குறைச்சுப் போகணும். இது எதுவுமே எனக்குத் தானாத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை. 34 டாலர்ல நான் வாங்கினது இதைத்தான். சர்டிபிகேட்டை மட்டும் எடுத்துக்கிட்டு மீதியைக் குப்பைல போட்டிருந்தேன்.

அதே சமயம் இன்னொண்ணும் புரிஞ்சது. கோர்ஸை எவ்ளோ கவனமாப் படிச்சாலும் கை கால் கத்துக்காது. ஆன்லைன் கோர்ஸ்ல ஸ்டியரிங் கிடையாது. அடல்ட் கோர்ஸ்ல இத்தனை மணி நேரம் ஓட்டியே ஆகணும்னு கட்டாயமும் கிடையாது. அதாவது காரைத் தொடாமலே ஆறு மணி நேரத்தை முடிச்சு, பாஸ் சர்டிபிகேட் கையில வாங்கிடலாம். இது ரொம்பப் பேரை ஏமாத்துது, என்னையும் ஏமாத்துச்சு.

காசு எங்க போகணும்?

என் பிளான்படி செலவு 34 கூட்டல் 33, ஆக 67 டாலர். நிஜத்துல ஆனது இது: கோர்ஸ் 61. லைசென்ஸ் 33. பயிற்சியாளரோட ரெண்டு மணி நேர வகுப்பு ரெண்டு, ஒண்ணுக்கு 130 வீதம் 260. ரோடு டெஸ்டை அரசு ஆபீஸ்லயும் கொடுக்கலாம், அனுமதி வாங்கின டிரைவிங் ஸ்கூல்லயும் கொடுக்கலாம். எனக்கு ஆபீஸ்ல தேதி சீக்கிரம் கிடைக்கலை, சொந்தக் காரும் இல்லை. அதனால ஸ்கூல்லயே, அவங்க கார்லயே கொடுத்தேன், 95 டாலர். ஜூன் கடைசில முதல் தடவை ஃபெயில். பேரலல் பார்க்கிங் நல்லாப் பண்ணினேன், ஸ்டாப் சைன்ல முழுசா நிக்காம உருட்டிட்டேன். சக்கரம் சுத்தறது முழுசா நிக்கணும், மெதுவாப் போறது நிக்கிறது ஆகாது. ஜூலை 8, ரெண்டாவது தடவை இன்னொரு 95, பாஸ். மொத்தம் 544 டாலர், நம்ம காசுல 45,000 ரூபாய்க்கு மேல.

இதுல வீண் செலவு எதுன்னு பார்த்தா, அந்த ரெண்டு டிக் பெட்டி 27 டாலர், ஃபெயிலான டெஸ்ட் 95 டாலர், மொத்தம் 122. வகுப்புக்குக் கொடுத்த 260 ஒரு பைசாகூட வீண் இல்லை. சொல்லப் போனா, அதைத் தாமதமாக் கொடுத்ததுதான் வீண். நான் ஒரு வகுப்பு முடிச்சுட்டு டெஸ்டுக்குப் போனேன், ஃபெயிலானதுக்கு அப்புறம்தான் ரெண்டாவது வகுப்பு. ரெண்டையும் முன்னாடியே எடுத்திருந்தா அந்த 95 மிச்சமாகியிருக்க நல்ல வாய்ப்பு. முதல் வகுப்பை பார்க்கிங் லாட் பயிற்சிக்கு முன்னாடியே எடுத்திருந்தா அக்காவுக்கு அன்னிக்கு அந்தப் பயம் வந்திருக்காது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனா தேதி தப்பினா தலைவலி. ரோடு டெஸ்டுக்கு முன்னாடி "இம்பாக்ட் டெக்சாஸ்"னு ஒரு மணி நேர வீடியோ பார்க்கணும். இலவசம்தான், கவனக்குறைவால நடந்த விபத்துகளைப் பத்தினது. அந்தச் சர்டிபிகேட் 90 நாள்தான் செல்லும். நான் ஏப்ரல் நடுவுலயே ஆர்வக்கோளாறுல பார்த்துட்டேன். ரெண்டாவது டெஸ்ட் அன்னிக்கு எனக்கு மீதி இருந்தது அஞ்சே நாள். டெஸ்ட் தேதி கையில வந்ததுக்கு அப்புறம் பாருங்க.

விசாவுல இருக்கிறவங்களுக்கு: லைசென்ஸ் விசா தேதி வரைக்கும்தான் கொடுப்பாங்க, ஆனா கட்டணம் அதே 33. டெக்சாஸ்ல வீட்டு முகவரிக்கு ரெண்டு ஆதாரம் கேட்பாங்க. வந்த முதல் வாரமே பேங்க் அக்கவுண்ட்ல முகவரியைச் சரியாப் போட்டு வைங்க, ஸ்டேட்மெண்ட் ஒரு ஆதாரம் ஆயிடும், வாடகை ஒப்பந்தம் இன்னொண்ணு.

25 தாண்டினவங்க கோர்ஸ் எடுக்கலாமா? ஹேண்ட்புக்கை உட்கார்ந்து படிக்கிற ஆளா நீங்க? அப்போ தேவையில்லை, ஆபீஸ்ல தேர்வு எழுதுங்க, அந்தக் காசை ஓட்டற வகுப்புக்கு வைங்க. புத்தகம் எடுத்தா தூக்கம் வருமா? முப்பது, நாப்பது டாலர் போட்டு கோர்ஸ் எடுங்க. அந்தக் கடிகாரம் உங்களை உட்கார வைக்கும், டிவியை அணைச்சுட்டீங்கன்னா. என்னைக் கேட்டா, வாழ்க்கைல முதல் தடவை கார் ஓட்டறவங்க 35 வயசானாலும் எடுக்கலாம். ரோடு விதிகள் தலைகீழா இருக்கிற ஊர் இது, நம்ம டூவீலர் அனுபவம் சில இடத்துல உதவும், சில இடத்துல ஆபத்து.

கடைசியா இன்சூரன்ஸ். கோர்ஸ் முடிச்சா இன்சூரன்ஸ் குறையும்னு விளம்பரத்துல இருந்தது. எனக்குக் குறையலை. கேட்டேன், இல்லைன்னுட்டாங்க. நீங்களும் உங்க கம்பெனில கேட்டுப் பாருங்க, ஆனா அதை நம்பிக் கணக்குப் போடாதீங்க. டெக்சாஸ் சட்டப்படி குறைஞ்சபட்ச லயபிலிட்டி 30/60/25. அதாவது ஒருத்தருக்குக் காயம்னா 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, அடுத்தவங்க பொருள் சேதத்துக்கு 25,000. இந்த ஊர் ரோட்டுல பாதி வண்டி பெரிய பிக்கப் டிரக். புது எஃப்-150 ஒண்ணு 25,000 டாலருக்கு வராது. நீங்க இடிச்சு அது மொத்தமா போச்சுன்னா, மேல வர்றது உங்க கைக்காசு. எனக்கு ஆறு மாசத்துக்கு குறைஞ்சபட்ச கவரேஜ் 912 டாலர்னு சொன்னாங்க, 100/300/100 கவரேஜ் 1,050. வித்தியாசம் மாசம் 23 டாலர். புதுசா ஓட்டறவன், ஸ்கூல் பஸ்ஸுக்கே நிக்காம போகப் பார்த்தவன். ரெண்டாவதைத்தான் எடுத்தேன்.

ஜூலை கடைசில ஒரு பழைய கொரோலா வாங்கினேன். அதோட டைட்டில், டீலர் போட்ட எக்ஸ்ட்ரா கட்டணங்கள், அதுல எதையெல்லாம் பேசிக் குறைச்சேன், எதுல ஏமாந்தேன்னு அடுத்த வீடியோல சொல்றேன். டெஸ்டுக்கு யாராவது ரெடியாயிட்டு இருந்தா கமெண்ட்ல உங்க வயசையும் எந்த ஊருன்னும் போடுங்க, முடிஞ்ச வரைக்கும் பதில் போடறேன்.